நம்பத்தகுந்த அலறல்

கனகலிங்கமும் கஸ்பரும் மல்யுத்த வீரர்களானதற்குக் காரணம் ஒரு வான் வண்டி பழுதானதுதான். 1986ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், டூட்டிங்கில் அவர்கள் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த மண்டபத்தில் அல்பியன் மல்யுத்தச் சபையின் போட்டிகள் நடக்கவிருந்தன. கடைசிச் சோடிப் போட்டியில் வெல்லவேண்டிய இருவரும் நேரத்துக்கே வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தோற்கவேண்டிய இருவரும் பிரிஸ்டல் பாதையில் வானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். தோற்பதற்கு ஆள் இல்லாமல் யாரும் வெல்ல முடியாது என்பது மல்யுத்தத்தின் முதல் விதி.

சபையின் சொந்தக்காரர் மிஸ்டர் புரொசர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கனகலிங்கம் நூற்றுப் பத்துக் கிலோ இருப்பார். நாற்பத்து நாலு வயது. சாவகச்சேரியில் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றின் மனேஜராக இருந்தவர். கஸ்பர் மன்னார் பேசாலையில் கடலுக்குப் போனவன். கட்டையானவன், கழுத்தையும் தோளையும் ஒரே மரத்தில் செதுக்கியது போன்ற உடம்பு. ஒரு வருடத்துக்கு முன் ஒரே கிழமையில் லண்டன் வந்து, ஒரே அறையில் தங்கி, ஒரே திணைக்களத்தில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"விழத் தெரியுமா?" என்று புரொசர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னவாம் அண்ணை?" என்றான் கஸ்பர்.

"விழத் தெரியுமோ எண்டு கேக்கிறார்."

"அதுக்கென்ன, விழலாம்தானே."

புரொசருக்கு அடுத்த பிரச்சினை பெயர். இருவரும் சிலோன்காரர் என்று அறிந்ததும் முகம் மலர்ந்தது. "சிலோன் புலிகள்! அறிவிப்பாளரிடம் சொல்லுகிறேன்."

கனகலிங்கத்தின் கையிலிருந்த தும்புத்தடி விழுந்தது. "ஐயோ சேர், அது மட்டும் வேண்டாம்."

"ஏன், சிலோனில் புலி இல்லையா?"

"சிலோனில் புலி இல்லை சேர்."

விலங்கியல்படி அது முழு உண்மை. பின்னாளில் அகதி விசாரணையில் அரசாங்க அலுவலர் ஒருவர் முன்னால் கனகலிங்கம் சொன்ன எதுவும் அவ்வளவு உண்மையாக இருக்கவில்லை.

அப்படியானால் சுல்தான்கள் என்று முடிவாயிற்று. மண்டபத்தின் பழைய திரைச்சீலையைக் கிழித்துத் தலைப்பாகை கட்டினார்கள். நெற்றியில் திருநீறு பூசிய ஒருவரும் கழுத்தில் அந்தோனியார் சுரூபம் போட்ட ஒருவரும் பத்து நிமிடத்தில் சிலோன் சுல்தான்கள் ஆனார்கள். பதினோராவது நிமிடத்தில் தோற்றார்கள். கூட்டம் மிகவும் திருப்தியடைந்தது.

அடுத்த கிழமை புரொசர் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுத் தொழிலை விளக்கினார்.

"இது இந்த நாட்டில் மிச்சமிருக்கும் ஒரேயொரு நேர்மையான விளையாட்டு. நல்லவன் வெல்வான், கெட்டவன் தோற்பான். உதைபந்தாட்டத்தில் அப்படி நடக்குமா? நடக்காது. ஆனால் யார் கெட்டவன் என்பது வாசலால் வரும்போதே தெரியவேண்டும். சனம் யோசிப்பதற்காக டிக்கெட் வாங்குவதில்லை. நீங்கள் இருவரும் கடவுள் எனக்கு அனுப்பிய ஆட்கள். ஒன்றும் செய்யத் தேவையில்லை. வந்து நின்றாலே போதும்."

அன்று தொடங்கி வருடக்கணக்காக அவர்கள் வந்து நின்றார்கள். லண்டனைச் சுற்றியுள்ள நகர மண்டபங்கள், கடற்கரை ஊர்களின் நடன மண்டபங்கள், மூன்று தடவை சனிக்கிழமைத் தொலைக்காட்சி. சோடிப் போட்டியில் ஒருவர் மேடைக்குள் அடிவாங்க, மற்றவர் கயிற்றுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். உள்ளே இருப்பவர் அந்தக் கையைத் தொட்டால்தான் வெளியே நிற்பவர் உள்ளே போகலாம். முன்வரிசைக் கிழவிகள் குடையால் குத்தினார்கள். ஒருத்தி தொப்பி ஊசியைக் கனகலிங்கத்தின் தொடையில் ஏற்றிவிட்டு, போட்டி முடிந்ததும் அவருக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

கூட்டம் எல்லா ஊரிலும் ஒரே வசனத்தைக் கத்தியது.

"என்னவாம் அண்ணை?" என்று கஸ்பர் முதல் மாதத்தில் கேட்டான்.

"வீட்டை போகட்டாம்."

"எந்த வீட்டை?"

கனகலிங்கம் அதைக் கூட்டத்துக்கு மொழிபெயர்க்கவில்லை.

தொழிலில் ஒரு குறை மட்டும் இருந்தது. கஸ்பருக்கு வலிக்கவில்லை. அதாவது, வலிப்பதாகக் காட்டத் தெரியவில்லை. எவ்வளவு பெரிய ஆள் அவன்மேல் பாய்ந்தாலும் முகம் தபால் பெட்டி மாதிரியே இருந்தது. கனகலிங்கம் அப்படியல்ல. கூட்டுறவுக் கடையில் பதினெட்டு வருடம் கணக்குப் பரிசோதகர்களிடம் அழுது பழகியவர். விரலை முறுக்கினால் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அலறினார். அந்த அலறலுக்கென்றே சிலர் வந்தார்கள்.

"உன் கூட்டாளியைப் பார்த்துப் படி," என்று புரொசர் கஸ்பரிடம் சொன்னார். "நீ அலறாவிட்டால் அடிக்கிறவனை யார் நம்புவார்கள்?"

பிரைற்றனில் ஒரு மத்தியானப் போட்டி முடிந்து திரும்பும் வழியில் நெடுஞ்சாலைத் தேநீர்க் கடையில் இருந்தபோது கனகலிங்கம் கேட்டார். "ஏன்டாப்பா, ஒரு சின்னச் சத்தமாவது போடேலாதோ?"

கஸ்பர் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, எண்பத்து நாலு மார்கழியில ஆமிக்காரர் என்னைப் பிடிச்சு முகாமில வைச்சிருந்தவங்களெல்லோ. கத்தினா அவங்களுக்குச் சந்தோசம். கத்தின பெடியளைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டவங்கள். கத்தாதவனை அலுத்துப்போய் விட்டிடுவாங்கள். பதினேழு நாள் வாயைத் திறக்கேல்லை. இப்ப திறக்கச் சொன்னா, திறக்குதில்லை."

கனகலிங்கம் அவன் முதுகை மேடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். பதினொரு வட்டத் தழும்புகள். இடது கை காதுக்கு மேல் எழும்பாது. வீரர்கள் உடை மாற்றும் அறையில் அது நல்ல ஒப்பனை என்று பாராட்டிய ஒருவரை அவருக்குத் தெரியும். 

1988ஆம் ஆண்டு வைகாசியில் இருவருக்கும் கடிதம் வந்தது. வருகையாளர் நம்பகத்தன்மைத் திணைக்களம் அவர்களை விசாரணைக்கு அழைத்திருந்தது. கனகலிங்கத்துக்குச் செவ்வாய்க்கிழமை, கஸ்பருக்கு வியாழக்கிழமை. டூட்டிங்கில் பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடியில் இருந்துகொண்டு அகதிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தும் வழக்குப் பேசியும் வந்த லலிதாவிடம் போனார்கள்.

லலிதா கனகலிங்கத்தின் படிவத்தை வாசித்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். "அண்ணை, கடை எரிஞ்சிருக்கு. தம்பி செல் குண்டு விழுந்து செத்திருக்கிறார். எல்லாம் சரி. ஆனா இதுக்கு அவையள் பொதுவான கஷ்டம் எண்டு பேர் வைச்சிருக்கினம். உங்களை ஆரும் தனிப்படப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அடிச்சவங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"அதுதான் குறை. உங்கட கேஸில அடி இல்லை."

படியால் இறங்கும்போது கனகலிங்கம் ஒரு படியைத் தவறவிட்டார். கஸ்பர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ர கதையைச் சொல்லுங்கோ அண்ணை. அதில அடி தாராளமாக் கிடக்கு."

"உன்ர கதையை நான் எப்பிடியடா சொல்லுறது?"

"ஒரு கதையை ரெண்டு பேர் சொன்னாக் குறைஞ்சு போகுமோ? எத்தினை பேருக்கு அது நடந்தது."

நாலு நாளில் கனகலிங்கம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார். முகாமின் பெயர், கப்டனின் பெயர், பதினேழு நாள், வாளி, கயிறு, சிகரெட். கடற்தொழிலாளியைக் கூட்டுறவுக் கடை மனேஜராக மாற்றினார். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

திணைக்களத்தின் காத்திருப்பு அறையில் கதிரைகள் நிலத்தோடு ஆணி அடிக்கப்பட்டிருந்தன. சுவரில் 'உண்மை எங்களுக்கு முக்கியம்' என்ற பலகை பதினாறு மொழிகளில் இருந்தது. தமிழில் ஒரு எழுத்து விடுபட்டு 'உமை எங்களுக்கு முக்கியம்' என்றிருந்ததால், அது ஒரு சைவ நிறுவனம் என்று கனகலிங்கத்துக்குச் சிறு தைரியம் பிறந்தது.

விசாரணை செய்தவர் மிஸ்டர் பென்ஃபோல்ட். இளம் வயது, சுத்தமான நகங்கள். மொழிபெயர்ப்பாளர் நரசிம்மன் சென்னைக்காரர், ஹரோவில் இருபது வருடமாக இருப்பவர். அன்று அவருக்கு அதிக வேலை இருக்கவில்லை. கனகலிங்கம் பாதியை ஆங்கிலத்தில் சொன்னார், மீதியை அலறினார். அலறலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. வாளியைப் பற்றிச் சொல்லும்போது கதிரையிலிருந்து வழுக்கி விழுந்தார், அதுவும் தொழில்முறைப்படி, அடிபடாமல். பென்ஃபோல்ட் எழுந்து தண்ணீர் கொடுத்தார். நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வியாழக்கிழமை கஸ்பர் போனான்.

"முகாமில் முதல் நாள் என்ன நடந்தது?" என்று பென்ஃபோல்ட் கேட்டார்.

"கப்டன் என்னோட கதைச்சவர்," என்றான் கஸ்பர்.

கஸ்பரின் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது; நரசிம்மனின் ஊரில் கதை என்றால் கதைதான். கப்டன் இவருக்கு ஒரு கதை சொன்னாராம் என்று அவர் மொழிபெயர்த்தார். பென்ஃபோல்ட் நிமிர்ந்தார். "எப்படிப்பட்ட கதை?"

"என்ன கதை சார் சொன்னாரு?"

கஸ்பர் குழம்பினான். "கதை ஒண்டும் சொல்லேல்லை. கதைச்சவர்."

"மொதல்ல சொன்னார்ங்கறார், இப்ப சொல்லலைங்கறார்," என்று நரசிம்மன் தனக்குள் முணுமுணுத்துவிட்டு, அதையே ஆங்கிலத்தில் சொன்னார். முதலாவது முரண்பாடு பதிவாயிற்று.

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினான். பதினொரு தழும்புகளையும் பென்ஃபோல்ட் பென்சில் நுனியால் எண்ணினார்.

"இதைச் செய்தபோது வலித்ததா?"

"ஓம்."

"எப்படி வலித்தது?"

கஸ்பர் சட்டையை மடியில் வைத்தான். "சுட்டது," என்றான்.

பென்ஃபோல்ட் காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை. விண்ணப்பதாரர் ஒரு சொல்லில் பதிலளித்தார் என்று எழுதிக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் நரசிம்மன் அவன் பின்னால் ஓடி வந்தார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. செவ்வாய்க்கெழம ஒருத்தர் வந்தாரு. அவரையும் இதே மாதிரிதான் செஞ்சிருக்காங்க. என்னா மனுஷன்! அன்னிக்கு நான் வீட்ல சாப்பிடலை. நீங்களும் ஒரு தடவையாவது அழுதிருக்கலாம்."

"அவர் எங்கட ஆள்தான்," என்றான் கஸ்பர் பெருமையோடு.

அந்த வருடக் கடைசியோடு தொலைக்காட்சி மல்யுத்தம் காட்டுவதை நிறுத்தியது; சிறிய மண்டபங்களில் மட்டும் போட்டிகள் தொடர்ந்தன. அடுத்த தையில் இரண்டு முடிவுகளும் வந்தன. கனகலிங்கம் அகதியாக ஏற்கப்பட்டார். கஸ்பரின் கடிதம் ஏழு பக்கம். கனகலிங்கம் கட்டிலில் இருந்து வாசித்துத் தமிழில் சொன்னார், சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

விண்ணப்பதாரர் துன்பத்தை விவரிக்கையில் துன்பப்படவில்லை. கப்டன் கதை சொன்னாரா இல்லையா என்பதில் அவருக்கே தெளிவில்லை. அவருடைய வரலாறு, திணைக்களம் ஏற்கனவே உண்மையென ஏற்ற இன்னொருவரின் வரலாற்றை வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கிறது. எனவே இது கேட்டுப் படித்ததாக இருக்கலாம். மேலும், அதே முகாமில், அதே கப்டனால், அதே முறையில் நடத்தப்பட்ட அந்த நபரின் உடலில் தழும்பு எதுவும் இல்லை. ஆகவே அவ்வகை நடத்தை தழும்பை ஏற்படுத்துவதில்லை என்பது தெளிவு. இவருடைய தழும்புகளுக்குக் காரணம் வேறு. இவர் தொழில்முறை மல்யுத்த வீரர் என்பது கவனிக்கப்பட்டது.

கனகலிங்கம் கடிதத்தை மடித்தார். மறுபடி விரித்தார். "கஸ்பர், நான் உன்னைக் கொலை செய்துபோட்டன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. உங்களுக்கு அது சட்டை மாதிரி அளவாய் இருந்திருக்கு, எனக்கு இறுக்கமாப் போச்சு. அவ்வளவுதான்." பிறகு அவன் கேட்டான், "மேன்முறையீடு எண்டு ஒண்டு இருக்குதெல்லோ? அதுக்குள்ள நான் கத்தப் பழகிறன்."

மனைவி மரியமலருக்காகத்தான் அவன் அதைச் செய்தான். அவளும் மகளும் பேசாலையில் இருந்தார்கள். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் மடு மாதா கோயில் வளவில் அகதிகளுக்குப் போட்ட ஓலைக் கொட்டிலுக்குப் போனார்கள். அவனுக்கு அனுமதி கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

ஞாயிறு காலைகளில் டூட்டிங் திடலுக்குப் போய், மரங்களுக்கு நடுவே நின்று கஸ்பர் கத்திப் பார்த்தான். ஆரம்பத்தில் காற்றுத்தான் வந்தது. நாய்களோடு நடக்க வந்தவர்கள் நின்று உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். கனகலிங்கம் அவர்களிடம், இது பாட்டுப் பயிற்சி என்று சொல்லி அனுப்பினார்.

1990 ஐப்பசியில் குரொய்டன் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபம். நூறு பேர்கூட இல்லை. எதிராளி கஸ்பரின் இடது கையைப் பின்னால் வளைத்து மேலே தூக்கினான், எப்போதும் தூக்குவது போல. கஸ்பர் வாயைத் திறந்தான்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. எதிராளி கையை விட்டுவிட்டுப் பின்னால் போனான். குடைக் கிழவிகள் குடையைக் கீழே இறக்கினார்கள். கஸ்பர் முழங்காலில் இருந்தபடி நிறுத்தாமல் அலறினான். இடையில் முகாமில் இருந்த சில பெடியன்களின் பெயர்கள் வந்தன. அம்மா என்று வரவேயில்லை. கயிற்றுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நின்ற கனகலிங்கம், தொடப்படாமலே உள்ளே பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்தார்.

தொடாமல் உள்ளே போனது விதிமீறல். நடுவர் சுல்தான்களைப் போட்டியிலிருந்து நீக்கினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

உடை மாற்றும் அறையில் கஸ்பர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "எப்பிடி அண்ணை, சரியா வந்ததோ?"

கனகலிங்கம் குனிந்து அவனுடைய காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். புரொசர்தான் சொன்னார். "நாலு வருடம்! நாலு வருடம் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?" அந்தப் போட்டியை அவர் வீடியோவில் பிடித்திருந்தார். பிரதிகள் செய்து விற்றார்.

ஒரு பிரதி பென்ஃபோல்டின் கைக்குப் போயிற்று.

மேன்முறையீட்டு விசாரணை 1991 பங்குனியில் நடந்தது. கஸ்பருக்காக லலிதா பேசினார். தழும்புகள் மல்யுத்தத்தால் வரவில்லை என்று புரொசரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தார். புரொசர் இரண்டே வசனம் எழுதியிருந்தார். முதலாவது, எமது மேடையில் இதுவரை எவரும் காயமடைந்ததில்லை. காப்புறுதிக் கொம்பனிக்கு அவர் எழுதுவதும் அதுவே. இரண்டாவது, எமது போட்டிகளில் விழும் ஒவ்வொரு அடியும் உண்மையானது, இதைச் சந்தேகிப்பது நாற்பது வருடப் பாரம்பரியத்தை அவமதிப்பதாகும்.

பென்ஃபோல்ட் இரண்டாவது வசனத்தை ஏற்றுக்கொண்டார். பிறகு தொலைக்காட்சிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். கஸ்பரின் அலறல் அந்தச் சிறிய அறையில் ஒருமுறை முழுவதும் கேட்டது. தீர்ப்பாளர் சத்தத்தைக் குறைக்கும்படி கேட்டார்.

"ஐயா, 1988இல் இந்த மனிதருக்கு அலறத் தெரியாது என்றே நான் நினைத்தேன்," என்றார் பென்ஃபோல்ட். "நான் கல்நெஞ்சன் அல்ல. சிலர் இயல்பிலேயே அடக்கமானவர்கள் என்பதற்கு எங்கள் வழிகாட்டியில் ஒரு பந்தியே இருக்கிறது. ஆனால் இவருக்குத் தெரிந்திருக்கிறது. மிக நன்றாகத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு திறமை இருந்தும் திணைக்களத்தின் முன்னால் அலறவில்லை என்றால், அதற்குக் காரணம் ஒன்றுதான். அலறுவதற்கு எதுவும் நடக்கவில்லை."

லலிதா எழுந்தார். "அது மல்யுத்த மேடை. அங்கே நடப்பது நடிப்பு."

"என் கற்றறிந்த நண்பருக்கு நன்றி. இவர் நடிகர் என்பதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

தீர்ப்பாளர் கஸ்பரிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். நரசிம்மன் மொழிபெயர்த்தார். கஸ்பர் எழுந்து நின்றான். "உதில கத்தினது பொய்க்கில்லை ஐயா. கத்தத் தொடங்கினது பொய்க்குத்தான். பிறகு பாத்தா, அது பழைய சத்தம்."

நரசிம்மன் இதை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு தடவை தொடங்கி நிறுத்தினார். "பொய்க்காகத்தான் கத்தத் தொடங்கியதாக ஒப்புக்கொள்கிறார்," என்றார். மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று.

அதன்பிறகு கனகலிங்கத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வருடம், யாருக்கும் சொல்லாமல், வேட்டி சால்வையுடன் திணைக்களத்துக்குப் போய் பென்ஃபோல்டைச் சந்திக்கவேண்டும் என்றார். பென்ஃபோல்டுக்கு இதற்குள் பதவி உயர்வு கிடைத்திருந்தது. ஜன்னல் உள்ள அறை.

"சேர், நான் பொய் சொன்னனான். என்னை ஒருத்தரும் பிடிக்கேல்லை. நான் சொன்னது முழுக்க கஸ்பரின்ர. என்னை அனுப்புங்கோ, அவனை வைச்சிருங்கோ." ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னார். இம்முறை அலறவில்லை.

பென்ஃபோல்ட் மிகுந்த அன்போடு அவரைப் பார்த்தார். "மிஸ்டர் கனகலிங்கம், உங்கள் விசாரணை இந்தத் திணைக்களத்தின் பெருமை. புதிதாகச் சேரும் அலுவலர்களுக்கு உங்கள் பதிவைத்தான் வாசிக்கக் கொடுக்கிறோம். உண்மையான மனிதன் எப்படிப் பேசுவான் என்பதற்கு."

"அது பொய் சேர்."

"நீங்கள் உண்மை பேசுபவர் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். அப்படியான ஒருவர் வந்து, நான் பொய்யன் என்றால், அதை நான் எப்படி நம்புவது? நம்பினால் நீங்கள் பொய்யர். பொய்யர் சொல்வதை நம்ப முடியாது. நம்பாவிட்டால் நீங்கள் உண்மையானவர், பழைய முடிவே சரி. இரண்டு பக்கத்தாலும் பார்த்துவிட்டேன். உங்கள் நண்பர்மேல் உங்களுக்குள்ள பாசம் மட்டும் தெரிகிறது. அதையும் கோப்பில் எழுதுகிறேன், உங்களுக்குச் சாதகமாக."

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"முடிந்தவரை நடந்ததை மறக்கப் பாருங்கள். உங்களைப் போல் அனுபவித்தவர்களுக்கு மனக் குழப்பம் வருவது இயல்பு."

கனகலிங்கம் வீட்டுக்கு வந்து கஸ்பரிடம் இதைச் சொன்னார். கஸ்பர் சிரித்தான். வெகு நாளுக்குப் பிறகு சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு வந்து சமைத்தான்.

1993 சித்திரையில், வாராவாரம் திணைக்களத்தில் கையெழுத்துப் போடப் போன இடத்தில், ஊருக்குத் திருப்பி அனுப்புவதற்காகக் கஸ்பரை மறித்து வைத்துக்கொண்டார்கள். அவனுடைய உடுப்புப் பையைக் கொண்டுபோன கனகலிங்கத்தை உள்ளே விடவில்லை. விமானத்துக்கு முதல் நாள் தொலைபேசியில் பேச விட்டார்கள்.

"அண்ணை, ஒண்டும் யோசியாதேங்கோ. மரியமலரையும் பிள்ளையையும் பாக்கலாம்தானே."

"நான் காகிதம் போடுறன். உடனே பதில் போடு."

"ஓம். அப்ப நான் போயிட்டு வாறன்."

சிலோன் சுல்தான்களின் தொழில் நிற்கவில்லை. புரொசர் கஸ்பருக்குப் பதிலாகக் கார்டிஃப் பேக்கரிக்காரர் ஒருவருக்கு மண்ணிறச் சாயம் பூசிக் கொண்டுவந்தார். அவர் நன்றாக அலறினார். கனகலிங்கம் அவரோடு ஒரு போட்டியில் நின்றார். சாயம் வியர்வையில் கரைந்து இவருடைய கையில் ஒட்டியது. அடுத்த நாள் புரொசருக்கு இனி வரமாட்டேன் என்று எழுதிவிட்டு, செவன் கிங்ஸில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

கஸ்பருக்குப் போட்ட காகிதங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பதில் இல்லை. 1994 ஆனியில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மரியமலரின் கடிதத்தைக் கொண்டுவந்தார்.

"அண்ணைக்கு, நான் இப்ப நீர்கொழும்பில இருக்கிறன். இவரைப் பிடிச்சுச் சிறையில வைச்சிருக்கினம், கிட்ட இருக்கவேணும் எண்டு மடுவிலயிருந்து வந்திட்டன். இவரோட லண்டனிலயிருந்து வந்த ஆக்கள் ஒரு கட்டுக் கடுதாசியை எயார்போட்டில குடுத்திட்டுப் போனவையாம். இவர் அங்க சொன்னதெல்லாம் அதில இங்கிலீசில இருந்ததாம். முகாமின்ர பேர், கப்டன்ர பேர், திகதி, என்ன செய்தவங்கள் எண்டு எல்லாம். ஒரு பெரிய ஒபிசர் மூண்டு நாள் இருந்து அதை வாசிச்சவராம். அந்தக் கப்டன் இப்ப பெரிய இடத்தில இருக்கிறாராம். ஒபிசர் வாசிச்சு முடிச்சுப்போட்டு, நீ சொன்னது ஒவ்வொண்டும் சரி எண்டு இவரிட்டச் சொன்னவராம். அதுக்குப் பிறகு நான் இவரை ரெண்டு தரம் பாத்தனான். இப்ப பாக்க விடுகினமில்லை. லண்டனில ஆரிட்டயும் சொல்லி ஏதும் செய்யேலுமோ அண்ணை?"

லண்டன் ஒரு சொல்லையும் நம்பவில்லை. கொழும்பு எல்லாவற்றையும் நம்பியிருந்தது.

கனகலிங்கம் கடிதத்தோடு பென்ஃபோல்டிடம் ஓடினார். நரசிம்மனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். நரசிம்மன் கடைசி வரிவரை வாசித்தார். முடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அவர் அந்த வேலைக்குத் திரும்பவில்லை என்று பிற்பாடு லலிதா சொல்லக் கேள்வி.

பென்ஃபோல்ட் விரல்களைக் கோத்துக்கொண்டு யோசித்தார். "வருத்தமான செய்தி. ஆனால் சட்டத்தைப் பார்ப்போம். கைது செய்யப்படுவேன் என்ற பயம்தான் அவருடைய விண்ணப்பத்தின் அடிப்படை. பயம் என்பது இனி நடக்கப்போவதைப் பற்றியது. அவர் கைதாகிவிட்டார். ஆகவே அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. தவிரவும் விண்ணப்பிப்பவர் இந்த நாட்டில் இருக்கவேண்டும்."

"அவன் சொன்னது உண்மை எண்டு அவங்களே ஒத்துக்கொண்டிட்டாங்கள் சேர்!"

"அவர்களுடைய நம்பகத்தன்மையை நாங்கள் இன்னும் பரிசீலிக்கவில்லை."

கனகலிங்கம் எழுந்தார். கடிதத்துக்காகக் கையை நீட்டினார். பென்ஃபோல்ட் அதில் ஏற்கனவே திகதி முத்திரை குத்தியிருந்தார். அது இனிக் கோப்புக்குச் சொந்தம். பின்பக்கத்தில் மரியமலரின் விலாசம் இருக்கிறது, அதையாவது எழுதிக்கொள்ளுகிறேன் என்று கனகலிங்கம் கெஞ்சினார். மூன்றாம் ஆளின் விலாசத்தை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வெளியிட அனுமதியில்லை என்றார் பென்ஃபோல்ட். சம்மதம் கேட்டு அவருக்கு எழுதலாமே என்றும் சொன்னார்.

ரயிலில் கனகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு நினைவுபடுத்திப் பார்த்தார். நீர்கொழும்பு. ஏதோ ஒரு புனிதரின் பெயரில் ஒரு ஒழுங்கை. நீர்கொழும்பில் புனிதர் பெயரில்லாத ஒழுங்கை குறைவு. வீட்டு இலக்கம் வரவேயில்லை.

லலிதாவின் உதவியோடு அந்தக் கரையோரத்துக் கத்தோலிக்கப் பங்குகளின் விலாசங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பங்குக் குருவானவருக்கும் எழுதினார். பேசாலை மரியமலர், ஒரு மகள், கணவன் கஸ்பர் சிறையில். வருடக் கடைசிக்குள் பதினான்கு பதில்கள் வந்தன. பதின்மூன்றில் அப்படி ஒருவரும் இங்கில்லை என்று இருந்தது. பதினான்காவதை எழுதிய குருவானவர் நல்ல கையெழுத்துக்காரர். அந்தப் பெயரில் மன்னார்ப் பெண் ஒருத்தி இருந்தாள், போன மாதம் வேறிடம் போய்விட்டாள், எங்கே என்று தெரியாது, போகுமுன் கணவனுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தாள் என்று எழுதியிருந்தார்.

கனகலிங்கம் சைவக்காரர். பெற்றோல் நிலையத்தில் கூட வேலை செய்த பியற்றிஸிடம் கடிதத்தைக் காட்டி, பூசை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"சுகமா இருக்கவேணும் எண்டும் குடுப்பினம்," என்றாள் பியற்றிஸ். "செத்த ஆக்களுக்கும் குடுப்பினம். எதுக்கெண்டு அவர் எழுதேல்லையோ?"

"எழுதேல்லை," என்றார் கனகலிங்கம். குருவானவருக்கு மறுபடி எழுதுவதற்காகக் காகிதம் எடுத்தார். முதல் வரியில் விலாசத்தை எழுதினார். எந்தப் பூசை என்று கேட்கும் இரண்டாவது வரியை எழுத அவருக்கு ஒன்பது நாள் பிடித்தது.